காயில் பிரதர் சொன்ன சாட்சிகள்

ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம் வந்து, கடைசி வரிசையிலிருந்து அவர் எழுந்தால், எங்கள் பாஸ்டர் கண்ணை மூடிக்கொள்வார். புதிதாக வந்தவர்கள் அவர் ஜெபம் செய்கிறார் என்று நினைப்பார்கள்.

மற்றவர்களின் சாட்சியெல்லாம் ஒரே தடத்தில் போகும். பையனுக்குக் காய்ச்சல் வந்தது, ஜெபித்தோம், விட்டது. வேலைக்கு விண்ணப்பம் போட்டோம், ஜெபித்தோம், கிடைத்தது. சபை அல்லேலூயா சொல்லும். சொன்னவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்காருவார். இவர் மட்டும் மைக்கை இரண்டு கையாலும் பிடித்து, தொண்டையைச் செருமிவிட்டு ஆரம்பிப்பார்.

“போன வாரம் எனக்குக் கடவாப்பல்லு வலி. ஆண்டவரே, ஆஸ்பத்திரிக்கு அனுப்பாம நீரே சரி பண்ணிடும்னு மூணு நாள் ஜெபம் பண்ணேன். மூணு நாளும் ஜாஸ்திதான் ஆச்சு. நாலாம் நாளு டாக்டராண்ட போனேன். பல்லப் புடுங்கிட்டாரு. பக்கத்துப் பல்லும் சொத்தைன்னு சொல்லி அதையும் சேத்துப் புடுங்கிட்டாரு. ஸ்தோத்திரம்.”

உட்கார்ந்துவிடுவார். அல்லேலூயா சொல்வதா வேண்டாமா என்று சபைக்குப் புரியாது. பெண்கள் பக்கத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவார்கள். கீபோர்டு வாசிக்கும் தம்பி குழப்பத்தில் ஏதோ ஒரு பாட்டை ஆரம்பித்துவிடுவான்.

எரிந்துபோன தண்ணீர் மோட்டார்களுக்குப் புதுசாகக் காயில் கட்டித் தருவது அவர் தொழில். அதனால் சபையில் அவர் பெயர் காயில் பிரதர். ஐம்பதைத் தாண்டியவர். ஒல்லி. சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் இருக்கும், ஆராதனைக்கு வரும்போதும். விரல்களில் காயிலுக்குப் பூசும் வார்னிஷின் கறை நிரந்தரமாகத் தங்கிவிட்டது. கைகுலுக்கினால் நம் கையிலும் ஒரு வாசனை மதியம் வரை நிற்கும்.

எங்கள் சபை ஒரு ஜரிகைக் கடையின் மாடியில் தகரக் கூரை போட்ட கூடம். சுற்றிலும் தறி வீடுகள். பாஸ்டர் பிரசங்கத்தில் மூச்சு வாங்க நிறுத்தும்போதெல்லாம் பக்கத்து வீட்டுத் தறி அந்த இடைவெளியை நிரப்பும். வருகிறவர்களும் பெரும்பாலும் நெசவுக்காரர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், பட்டுக்கடைகளில் வேலை செய்கிறவர்கள். நான் மூன்றாவது வகை. காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் சேலை விரித்துக் காட்டுபவன்.

அவர் கடை ஒலிமுகமதுபேட்டைப் பக்கம். பக்கத்துக் கடையில் பூட்டு ரிப்பேர் செய்யும் பாய் என்னிடம் ஒருமுறை அலுத்துக்கொண்டார். “உங்க ஆளு வேலையில கெட்டிக்காரரு தம்பி. ஆனா வாய் இருக்குது பாரு, அதுதான் வந்த கிராக்கியெல்லாம் தொரத்துது.” உண்மைதான். மற்றவர்கள் ‘விட்டுட்டுப் போ, பாத்துடலாம்’ என்று சொல்லும் மோட்டாரை இவர் கையில் எடுத்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, “இது தேறாதுபா. நான் கட்டிக் குடுத்தா ஒரு மாசம் ஓடும். அப்புறம் நீ என்னத் திட்டுவ. புதுசு வாங்கிக்கோ” என்று அனுப்பிவிடுவார்.

காயிலில் செம்புக் கம்பியைச் சுற்றும்போது எண்ணிக்கை தவறக் கூடாது. அவர் ஜெபத்தையும் அந்த எண்ணிக்கைக்கு நடுவில்தான் செருகிக்கொள்வார். கடைக்குப் போனால் கேட்கலாம். “முப்பத்தேழு... ஆண்டவரே, பாஸ்டர் ஐயாவுக்குச் சுகர் கொறையணும்... முப்பத்தெட்டு... அந்த ஆட்டோக்காரத் தம்பி குடிய வுடணும்... முப்பத்தொம்பது... எங்க அண்ணன்... நாப்பது...” அப்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் கையை உயர்த்தித் தடுப்பார். எதற்காகத் தடுக்கிறார், எண்ணிக்கைக்காகவா ஜெபத்துக்காகவா என்று நான் ஒருநாள் கேட்டேன். “எது தப்புனாலும் காயில் எரியும்” என்றார்.

இந்த ஜெபத்தால்தான் எனக்கு ஒரு பொறுப்பு வந்து சேர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் எழுந்து சொன்ன சாட்சி இது.

“பாஸ்டர் ஐயா சுகருக்காக ஒரு மாசமா ஜெபம் பண்றேன். கொறையல. ஏன் கொறையலன்னு ஆண்டவராண்ட கேட்டேன். அவரு ஒண்ணும் சொல்லல. ஆனா போன வாரம் அன்பின் விருந்துல ஐயா மூணு லட்டு சாப்ட்டாரு. நான் பாத்தேன். ஸ்தோத்திரம்.”

பாஸ்டரின் மனைவி மெதுவாகத் திரும்பிப் பாஸ்டரைப் பார்த்தார். அன்று பிரசங்கம் பத்து நிமிடத்தில் முடிந்தது.

மறுநாள் காலை பாஸ்டர் என்னை வரச் சொன்னார். நல்ல மனிதர். கோபமாகப் பேசத் தெரியாது. “தம்பி, இனிமே சாட்சி நேரத்துல மைக்க நீங்கதான் புடிச்சுக்கினு நிக்கணும். ஒருத்தருக்கு ரெண்டு நிமிஷம். அதுக்கு மேல போனா சிரிச்சுக்கினே வாங்கிடுங்க. சேல விக்கிறவங்க, உங்களுக்கு அந்தப் பக்குவம் இருக்குது.”

“இது எல்லாருக்குமா, இல்ல அவருக்கு மட்டுமா ஐயா?”

பாஸ்டர் மேசையைப் பார்த்துக்கொண்டே, “எல்லாருக்கும்தான்” என்றார்.

நானும் பாஸ்டர் பேச்சைக் காயில் பிரதரிடமே நயமாகச் சொல்லிப் பார்த்தேன். ‘அண்ணே, சாட்சின்னா கேக்கறவங்களுக்கு நம்பிக்கை வரணும் இல்ல? ஜெபம் நடந்தத மட்டும் சொன்னா என்ன?’ என்றேன். அவர் கடையில் ஸ்டூலைத் துடைத்து எனக்குப் போட்டுவிட்டு, “கர்த்தருக்கு நான் எதுக்குப்பா பில்டப் குடுக்கணும்? அவரு இன்னா எலெக்சன்ல நிக்கறாரா?” என்று கேட்டார்.  டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

என் தொழிலுக்கு அவர் பக்கத்தில் இருப்பதே ஆபத்து. எங்கள் கடை மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை அவர்தான் பார்ப்பார். ஒருமுறை வேலையை முடித்துவிட்டுக் கை கழுவ உள்ளே வந்தார். நான் ஓர் அம்மாளுக்கு மாம்பழக் கலர் சேலை ஒன்றை விரித்துப் போட்டு, “இது ஒரே பீஸ்தான் மேடம், இன்னிக்கி விட்டா கெடைக்காது” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இவர் நின்று சேலையை உற்றுப் பார்த்தார். பிறகு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், உண்மையான வியப்போடு கேட்டார்: “தம்பி, போன வாரம் நான் வந்தப்பவும் இது ஒரே பீஸா தானே இருந்துது?”

அந்த அம்மாள் எழுந்துவிட்டார். முதலாளி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. அன்று நான் காயில் பிரதரோடு பேசவில்லை. அவருக்கு நான் பேசாமல் இருப்பதே தெரியவில்லை. “சாப்ட்டியாபா?” என்று கேட்டுவிட்டுச் சைக்கிளில் போய்விட்டார்.

எல்லாவற்றுக்கும் சிகரம் வைத்தது ஒரு சுகமளிக்கும் கூட்டம். வெளியூரிலிருந்து ஒரு பெரிய பிரசங்கியார் வந்திருந்தார். வெள்ளைக் கோட்டு, காதில் மாட்டும் மைக்கு. எங்கள் சபைக்கு அவ்வளவு பெரிய ஆள் வந்தது அதுதான் முதல் தடவை என்பதால், பாஸ்டர் ஒரு கல்யாண மண்டபத்தையே பிடித்திருந்தார். கூட்டத்தின் நடுவில் பிரசங்கியார் கண்ணை மூடிக்கொண்டு, “இங்கே முட்டி வலியோடு ஒருவர் இருக்கிறார். ஆண்டவர் காட்டுகிறார். எழுந்து வாருங்கள்” என்று கூப்பிட்டார்.

நெசவாளர்கள் நிறைந்த ஊர். நாளெல்லாம் தறிக்குழியில் கால்விட்டு மிதிக்கிறவர்கள். முட்டி வலி இல்லாதவர் யார் என்று கேட்டிருந்தால்தான் ஆள் எழுந்திருக்காது. ஆனால் எல்லோரும் கூச்சப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க, நம் காயில் பிரதர் நொண்டிக்கொண்டே மேடை ஏறினார். பாஸ்டர் கண்ணை மூடினார். அந்தத் தடவை நிஜமாகவே ஜெபித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

பிரசங்கியார் குனிந்து இவர் முட்டியை இரண்டு கையாலும் பற்றி உரக்க ஜெபித்தார். பிறகு நிமிர்ந்து, “வலி போய்விட்டதா?” என்று மைக்கை நீட்டினார்.

“இல்லீங்க ஐயா.”

மண்டபத்தில் ஒரு சலசலப்பு. பிரசங்கியார் சிரித்துச் சமாளித்தார். மறுபடியும் குனிந்தார். இன்னும் உரக்க, இன்னும் அழுத்தமாக. “இப்பொழுது?”

“இப்போ கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குதுங்க. நீங்க அமுக்குனீங்க இல்ல, அதுல.”

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். பிரசங்கியாரின் முகம் இறுகியது. “சகோதரரே, வலியைப் பார்க்காதீர்கள். விசுவாசியுங்கள்!”

“விசுவாசிக்கிறேன் ஐயா” என்றார் இவர், ரொம்பப் பணிவாக. “வலிக்கவும் வலிக்குது.”

அடுத்து நடந்ததுதான் எனக்கு மறக்கவில்லை. பிரசங்கியார் சட்டென்று அடுத்த ஆளைக் கூப்பிட, இவர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். அவமானப்பட்டவர் மாதிரி இல்லை, ஜெயித்தவர் மாதிரியும் இல்லை. ரேஷன் கடையில் சரக்கு இல்லை என்று கேட்டுவிட்டுத் திரும்புகிறவர் மாதிரி வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கையை உயர்த்திப் பாட்டோடு சேர்ந்து பாட ஆரம்பித்தார். அந்த மண்டபத்திலேயே அன்று உரக்கப் பாடியவர் அவர்தான். சுருதிதான் சேரவில்லை.

அன்று மத்தியானம் மண்டப வாசலில் பாஸ்டர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, “எனக்கு ஒண்ணுதான் தம்பி புரியல. இவ்ளோ நடக்காத ஜெபத்த வச்சுக்கினு இந்த மனுஷன் வாரம் தவறாம எப்படி வர்றாரு? ஜெபம் கேக்கப்பட்டவங்களே பாதிப் பேரு மழ வந்தா வர்றதில்ல” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. கொஞ்சம் பொறாமை இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் சிரிப்பதற்கு. நானும் வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் ஒவ்வொரு வாரமும் நடித்துக் காட்டிச் சிரித்தவன்தான்.

அந்த ஆண்டு எங்கள் முதல் குழந்தை ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்துபோனது.

சபையிலிருந்து நிறையப் பேர் வந்தார்கள். எல்லோரும் நல்லெண்ணத்தோடுதான் வந்தார்கள். ஒருவர் இதில் ஒரு பெரிய நோக்கம் இருக்கிறது என்றார். ஒருவர் நீங்கள் இன்னும் கொஞ்சம் உறுதியாக ஜெபித்திருக்க வேண்டும் என்றார். ஓர் அம்மாள் என் மனைவியின் காதருகே குனிந்து, மறைவான பாவம் ஏதாவது இருந்தால் அறிக்கை செய்துவிடச் சொன்னார். என் மனைவி வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்தாள். கடைசி ஆள் போனதும் வேதாகமத்தை எடுத்து, பீரோவுக்கு மேலே, சூட்கேசுக்குப் பின்னால் வைத்தாள். அடுத்த ஞாயிறு நான் மட்டும் சபைக்குப் போனேன்.

மூன்றாவது வாரம் ஒரு புதன்கிழமை காலை காயில் பிரதர் வந்தார். நாற்காலியைக் காட்டினேன். தரையில் உட்கார்ந்தார். காப்பியைக் குடித்தார். கால்மணி நேரம் தம்ளரை உருட்டிக்கொண்டிருந்தார். என் மனைவி சமையலறைக் கதவோரம் நின்றிருந்தாள். இவரும் எதையாவது சொல்லிவிடப் போகிறாரே என்று எனக்குப் பதைப்பாக இருந்தது.

“நானும் கேட்டேன்மா” என்றார் கடைசியில், தம்ளரைப் பார்த்துக்கொண்டே. “ஒவ்வொரு காயில் கட்டும்போதும் உன் கொழந்தைக்காகக் கேட்டுக்கினேதான் இருந்தேன். குடுக்கல. ஏன் குடுக்கலன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி யாராவது சொல்ல வந்தா, கதவ சாத்திடு.”

அவள் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். ஆஸ்பத்திரியில்கூட அப்படி அழவில்லை. அவர் எழுந்திருக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. அவரும் கொஞ்சம் அழுதார். வார்னிஷ் கறை படிந்த கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

வெகுநேரம் கழித்து அவள் கேட்டாள். “சபைக்கு வான்னு கூப்புட வந்தீங்களாண்ணா?”

“இல்லமா. கோவம் இருக்கற வரைக்கும் வராத. இல்ல, கோவத்தோடயே வரணும்னு தோணுனா வா. ரெண்டும் ஒண்ணுதான்.”

“பதிலே சொல்லாதவர எதுக்குண்ணா நீங்க மட்டும் வுடாம கும்புடறீங்க?”

அவர் தம்ளரைக் கீழே வைத்தார்.  “எங்க அண்ணன் எங்கிட்ட பேசிப் பதினோரு வருஷம் ஆவுதுமா. பக்கத்து வூடுதான். நடுவுல ஒரே செவுரு. அம்மா காரியத்துல மொட்ட போட மாட்டேன், பிண்டம் வைக்க மாட்டேன்னு நான் நின்னுட்டேன். அதச் சொன்ன விதமும் சரியில்ல, பத்துப் பேரு எதிர்ல கத்திச் சொன்னேன். அன்னியிலருந்து பேச்சு இல்ல. நான் டெய்லி கதவாண்ட நின்னு, அண்ணே வர்றேன்னு சொல்லிட்டுத்தான் கடைக்குப் போறேன். அவரு திரும்பக்கூட மாட்டாரு. அதுக்காக அவரு என் அண்ணன் இல்லன்னு ஆயிடுமா?”

 அவர் தம்ளரைக் கழுவி வைக்கச் சமையலறைக்குள் போனார். அங்கே ஓரமாக இருந்த எங்கள் மிக்சி கண்ணில் பட்டிருக்கிறது. கல்யாணத்துக்கு வந்த மிக்சி, பழுதாகிக் கிடந்தது. பையிலிருந்து டெஸ்டரை எடுத்து மிக்சியைத் திருப்பிப் பிரித்து, முகர்ந்து பார்த்து, மறுபடி மூடி, “இது தேறாதுமா” என்று துக்கம் விசாரிக்கும் குரலில் சொன்னார்.

என் மனைவி சிரித்துவிட்டாள். மூக்கு ஒழுக, கண்ணீரோடு, நிறுத்த முடியாமல் சிரித்தாள். அவர் ஒன்றும் புரியாமல் மிக்சியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். மூன்று வாரம் கழித்து எங்கள் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு.

அந்த ஞாயிறு அவர் சாட்சி சொல்ல எழுந்தார். நான் மைக்கோடு பக்கத்தில் நின்றேன். “ஒரு வூட்டுக்காக ரொம்ப ஜெபம் பண்ணேன்” என்றார். “நடக்கல. எனக்கு ஆண்டவர் மேல கோவமா இருக்குது. கோவத்தோடதான் வந்து உக்காந்துக்கினு இருக்கேன். ஸ்தோத்திரம்.” யாரும் சிரிக்கவில்லை. பாஸ்டர் கண்ணை மூடவும் இல்லை. ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்து, “அந்த ரெண்டு நிமிஷ கணக்கெல்லாம் இனிமே வேணாம் தம்பி” என்று மட்டும் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு காலை என் மனைவி எனக்கு முன்பே சேலை கட்டிக்கொண்டு நின்றாள். “எனக்குப் பிரசங்கம் வேணாம். அந்த அண்ணனுக்கு இந்த வாரம் இன்னா நடக்கலன்னு கேட்டுட்டு வந்துடறேன்” என்றாள். சாட்சி நேரத்துக்குச் சரியாக வருவாள், முடிந்ததும் படியிறங்கிவிடுவாள். கொஞ்சம் கொஞ்சமாகப் பாட்டுக்கும் உட்கார ஆரம்பித்தாள். பிரசங்கத்துக்கு எப்போது உட்கார்ந்தாள் என்று எனக்கே நினைவில்லை. வேதாகமம் ஒருநாள் பீரோவுக்கு மேலிருந்து இறங்கியிருந்தது. நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அடுத்த வைகாசியில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

பெருமாள் கோயில் கருட சேவைக்கு ஊரே திரளும். தாமல், கூரம், திருப்புட்குழி என்று சுற்றுவட்டாரமெல்லாம் விடியற்காலையிலேயே வந்து இறங்கிவிடும். தெருவுக்குத் தெரு தண்ணீர்ப் பந்தல். பிள்ளையார்பாளையத்தில் காயில் பிரதரின் தெருப் பந்தலை நடத்துவது அவருடைய அண்ணன்தான். நான்கு தறி வைத்து நெய்கிறவர், தெருவில் மதிப்பான மனிதர். சேவை முடிந்து இரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. உற்சவம் இன்னும் நடந்துகொண்டிருந்ததால் பந்தல்களும் பிரிக்கப்படவில்லை. மேளச் சத்தம் எங்கள் மாடி வரை கேட்டது.

சாட்சி நேரம் வந்தது. காயில் பிரதர் எழுந்தார். நான் மைக்கை நீட்டினேன். வாங்கினார். தொண்டையைச் செருமினார். பேசவில்லை. மறுபடி செருமினார்.  அந்தச் செருமல் மைக்கில் பட்டுத் தகரக் கூரை முழுக்க எதிரொலித்தது.

“எங்க அண்ணன்...” என்றார். “எங்க அண்ணன் என்னத் திட்டினாரு.”

அதற்கு மேல் முடியாமல் உட்கார்ந்துவிட்டார். முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதார்.

பாஸ்டருக்கு இத்தனை வருடப் பழக்கம். இதுவும் ஒரு நடக்காத கதை என்று முடிவு கட்டிவிட்டார். உடனே எழுந்து உருக்கமான குரலில் ஆரம்பித்தார். “பிரதர், கலங்காதீங்க. மனுஷங்க நம்மள நிந்திக்கலாம். சொந்த ரத்தமே தள்ளலாம். ஆனா கர்த்தர் உங்க கண்ணீரத் தொடைப்பாரு. நாம எல்லாரும் எழுந்து நின்னு நம்ம பிரதரோட ஆறுதலுக்காக...”

“ஐயா!”

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். சபை முழுக்கத் திரும்பியது. என் மனைவி எழுந்து நின்றிருந்தாள்.

“ஐயா, ஆறுதல் வேணாம்யா. இது நல்ல சேதி! அவுங்க அண்ணன் பேசிட்டாரு!”

பாஸ்டர் உயர்த்திய கையோடு அப்படியே நின்றார். நான் மைக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். காயில் பிரதர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கண் சிவந்திருந்தது, மூக்கு சிவந்திருந்தது, ஆனால் வாய் தானாகச் சிரித்தது.

“கருட சேவையன்னிக்கிக் காலையில நான் பல்லு வெளக்கிக்கினு இருந்தேன். பந்தல்ல போர் மோட்டார் நின்னுபோச்சு. தெரு பூரா ஜனம். மோருக்குத் தண்ணி இல்ல. எல்லா மெக்கானிக்கும் சாமி பாக்கப் போய்ட்டான். அண்ணன் நாலு பக்கமும் போன் பண்ணியிருக்காரு, ஒருத்தனும் எடுக்கல. எங்க அண்ணி, ‘பக்கத்து வூட்லயே ஆள வச்சுக்கினு ஊரெல்லாம் தேடறீங்களே’ன்னு சொல்லியிருக்காங்க. கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் செவுருக்கு அந்தப் பக்கத்துலருந்து கேக்குது. ‘டேய்! டேய் செவுடா! இன்னாடா பண்ற உள்ள? மோட்டார் ஓடல, வந்து பாருடா!’ நான் அப்படியே நொரையோட ஓடிட்டேன். வாயில பிரஷ் இருக்குது. என்னப் பாத்துட்டு, ‘மூதேவி, மூஞ்சியக் கழுவிட்டு வாடா, பொம்பளைங்க நிக்கறாங்க’ன்னாரு. அப்புறம் நான் மோட்டாரப் பிரிச்சேன். பிரிக்கற வரைக்கும் தலைமாட்டுல நின்னு திட்டிக்கினே இருந்தாரு. பதினோரு வருஷத்துக்கும் சேத்துத் திட்டினாரு. நான் தலய நிமுத்தவே இல்ல. நிமுத்துனா நிறுத்திடுவாரோன்னு பயம்.”

சபை சிரித்தது, அழுதது, கைதட்டியது. எதை முதலில் செய்வது என்று தெரியாமல் மூன்றையும் ஒன்றாகச் செய்தது. பாஸ்டர் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார்.

“மோட்டார் ஓடிச்சா பிரதர்?” என்று யாரோ கேட்டார்கள்.

“ஓடிச்சு. ஆனா காயில் பழசு. ரெண்டு நாளு தாங்குனா பெரிசுன்னு அண்ணனாண்ட சொன்னேன். ‘வாயக் கழுவுடா’ன்னாரு.”

அப்போது கீழே தெருவில் ஸ்கூட்டர் ஹாரன் கேட்டது. ஒருமுறை அல்ல, விடாமல். ஜரிகைக் கடை வாசலிலிருந்து ஒரு கனத்த குரல் மாடியை நோக்கி ஏறியது.

“டேய்! உங்க பாட்டெல்லாம் முடிஞ்சுதா இல்லியா? மறுபடியும் நின்னுபோச்சுடா! எறங்கி வாடா!”

காயில் பிரதர் ஒரு நொடி பாஸ்டரைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் ஆசீர்வாதம் வாங்காமல் அவர் படி இறங்கியதே இல்லை. பாஸ்டர் போ போ என்று கையை அசைத்தார். அவர் மைக்கை என் கையில் திணித்துவிட்டு, முட்டி வலியையும் பார்க்காமல், தடதடவென்று படியிறங்கி ஓடினார். செருப்பைக்கூட மாட்டவில்லை.

நாங்கள் எல்லோரும் ஜன்னலோரம் போய் நின்றோம். கீழே நெற்றியில் திருமண் இட்ட பெரியவர் ஒருவர் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தார். இவர் பின் சீட்டில் ஏறிக்கொண்டார். ஏறியதும் அண்ணன் திரும்பி எதையோ சொல்லித் திட்டினார். இவர் டெஸ்டரை எடுத்துக் காட்டி ஏதோ பதில் சொன்னார். வண்டி கூட்டத்துக்குள் ஊர்ந்து போனது. அண்ணன் நிமிடத்துக்கு ஒருமுறை பின்னால் திரும்பித் திட்டிக்கொண்டே ஓட்டினார். இவர் ஒவ்வொரு திட்டுக்கும் தலையாட்டிக்கொண்டே போனார்.

பாஸ்டர் எங்களை விலக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார். பிரசங்க மேடையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், இரண்டு கைகளையும் தெருவை நோக்கி நீட்டி, அங்கிருந்தே முடிவு ஆசீர்வாதத்தைச் சொன்னார். வண்டி தெருமுனை திரும்பி, மேளச் சத்தத்துக்குள் மறையும் வரை அந்தக் கைகளை அவர் இறக்கவில்லை.